நான்காம் வரி

மாசி 2

மதிப்பீட்டாளர் பெருமக்களே! இருபத்து மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு இந்த ஏடு உங்கள் மேசையில் இருக்கும் என்று சொல்லித்தான் இதை என் கையில் கொடுத்தார்கள். பிறர் படிப்பதற்கென்றே எழுதப்படுவதை நாட்குறிப்பு என்று நான் ஏற்பதில்லை. இது மேடை. மேடை ஏறியவள் தன் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும், சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் பொன்னெழில். பன்னிரண்டு வயதில் முதல் மேடை. இன்று இருபத்தேழு வயது. தமிழ் மேடைப்பேச்சின் கட்டமைப்பைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வும். நாளைய உலகத் தலைவர்களை ஆக்குவோம் என்று பறைசாற்றும் இப்பல்துறை உயராய்வுப் பள்ளி, நாடெங்கும் தேடி எடுத்த பன்னிருவரில் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்தது. மூன்று மூன்று பேராக நான்கு அணிகள். அணிக்கு ஓர் ஊர். ஊருக்கு ஒரு சிக்கல். எங்கள் ஊர் வெண்கல்மேடு. எங்கள் சிக்கல் அவ்வூரின் குடிநீர். இதுவரை குறையொன்றும் இல்லை.

குறை, 'மாற்றுக் குரல்' என்னும் விதியில் இருக்கிறது. இப்பள்ளியில் யாரும் தம் துறையைத் தாம் பேசக்கூடாது. ஊர்க்கூட்டமானாலும் உங்கள் அவையானாலும், ஒருவர் கண்டறிந்ததை இன்னொருவர்தாம் எடுத்துரைக்க வேண்டும். பேசும்போது துறைக்கு உரியவர் வாய் திறத்தல் கூடாது. பிறர் அறிவைத் தன் நாவில் சுமக்கத் தெரிந்தவரே தலைவர் என்பது இயக்குநர் பேராசிரியர் அகல்யாவின் கொள்கை.

இன்று சீட்டுக் குலுக்கினார்கள். மக்களிடம் பேசி நான் தொகுத்த வாய்மொழிச் செய்திகள் சட்டம் படிக்கும் தயாளனுக்குப் போயின. தயாளனின் சட்டம் வேதியியல் படிக்கும் பெனாசிருக்குப் போயிற்று. பெனாசிரின் வேதியியல் என் தலையில் விழுந்தது.

"இன்னா பொன்னு, இனிமே நீதான் சயின்டிஸ்ட்டு. வெள்ளக் கோட்டு ஒண்ணு தெச்சிடலாமா?" என்றான் தயாளன். வியாசர்பாடிக்காரன், எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

"சும்மா கிடல. உன் சட்டம் இப்ப என் கையில இருக்கு. எந்தப் பிரிவுல உன்னப் பிடிச்சு உள்ள போடலாம்னு தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் பெனாசிர். அவள் மேலப்பாளையம்.

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சொல்லே படையாகக் கொண்டவளிடம் சோதனைக் குழாயைத் திணித்தது முறையா? இது என் முறையீடு. பதிவு செய்கிறேன்.

விடுதியில் காலை முதல் தண்ணீர் வரவில்லை. கீழ்த்தளக் குழாயிலிருந்து இரண்டு வாளி சுமந்தேன்.

மாசி 5

ஆய்வுக்கூடத்தில் நான்கு மணி நேரம். பெனாசிர் பொறுமையாகக் கற்பித்தாள்.

வெண்கல்மேட்டின் வரலாறு இது. ஊரின் மேற்கே முலாம் பூசும் ஆலை ஒன்று இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ஊர்த் தண்ணீர் மஞ்சளாயிற்று; மக்கள் போராடினார்கள்; ஆலை மூடப்பட்டது; ஊர்த் தொட்டியும் பூட்டப்பட்டது. அன்று முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊராட்சியின் தண்ணீர் வண்டி வருகிறது. வீட்டுக்கு எட்டுக் குடம். நீர் இப்போது எப்படி இருக்கிறது என்று கண்டு சொல்வதே எங்கள் பணி.

கைப்பெட்டிக் கருவி எளியது. நீரில் ஒரு தூளைக் கொட்ட வேண்டும். குரோமியம் என்னும் நஞ்சு இருந்தால் நீர் ஊதா நிறம் கொள்ளும். பதினான்கு இடங்களில் எடுத்த நீரில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. நான் ஊரில் பேசுவதற்காக அவள் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள்.

"இத அப்படியே சொல்லு. உன் அலங்காரத்த முன்னயும் பின்னயும் வச்சுக்கோ. இந்த நாலு வரிய மட்டும் தொடாத, என்ன?"

சரி என்றேன். அறைக்கு வந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மேடைக்கு ஏற்பச் சற்றே சீர் செய்துகொண்டேன். மூன்றடுக்காக நின்றால்தான் குரல் ஓங்கும். அது பன்னூறு மேடை எனக்குக் கற்றுத் தந்தது.

துணிகளைத் துவைத்தேன். நீலப் புடவையின் கரை சாயம் விட்டுவிட்டது.

மாசி 8

வென்றேன்.

வெண்கல்மேட்டுத் தொட்டியின் அடியில் பந்தல். முந்நூறு பேருக்குக் குறையாது. பெண்களே மிகுதி, பாதிப்பேர் இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்றார்கள், அன்று வண்டி வரும் நாள் என்பதால். தயாளன் மக்களின் சொற்களை எடுத்துச் சொன்னான். பெனாசிர் சட்டத்தைத் தாளைப் பார்த்துப் படித்தாள். கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போது நான் எழுந்தேன்.

"இரண்டாண்டு காலம் எட்டுக் குடத்தில் வாழ்ந்த என் தாய்மாரே! குளிக்க ஒன்று, துவைக்க ஒன்று, சமைக்க ஒன்று என்று தண்ணீரை எண்ணி எண்ணி வாழ்க்கையையே எண்ணத் தொடங்கிவிட்ட என் உடன்பிறப்புகளே!"

போனவர்கள் திரும்பினார்கள்.

"பதினான்கு இடங்களில் நீர் எடுத்தோம்! பதினான்கிலும் நஞ்சைத் தேடினோம்! பதினான்கிலும் நஞ்சைக் காணோம்!"

அந்தக் கையொலியை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு மூதாட்டி அழுதார். குடத்தைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். பின்வரிசையில் நின்ற பெனாசிர் கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினாள். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்கிறாள் என்று கொண்டு, மேலும் பேசினேன்.

முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் பணியாளர் சரோஜா, இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார். ஏதோ கேட்டார். இரைச்சலில் ஏதோ விடை சொன்னேன். ஊராட்சி எழுத்தர் கூட்டக் குறிப்பை நீட்டினார். பள்ளியின் பெயரால் கையொப்பமிட்டேன்.

திரும்பும் வழியில் பெனாசிர் பேருந்தின் பின்னிருக்கையில் போய் அமர்ந்துகொண்டாள். களைப்பாக இருக்கும்.

மாசி 9

தொண்டை கட்டிவிட்டது. சுக்கு வெந்நீர். பேச்சில்லாத ஒருநாள்.

மாசி 11

என் பேச்சின் காணொளி கைப்பேசி கைப்பேசியாகப் பரவியிருக்கிறது. இயக்குநர் அழைத்தார். தேநீர் தந்தார்.

"பொன்னெழில், உன் பேச்ச நான் மூணு தடவ கேட்டேன். ஒரு சயின்ஸ் ரிசல்ட்ட இப்படி ஜனங்ககிட்ட கொண்டுபோக முடியும்னு காட்டிட்ட. நம்ம புரோகிராமே இதுதானேம்மா. வைகாசியில ஜெனீவாவுல மாணவர் தலைமை மாநாடு. நம்ம பள்ளியிலேருந்து உன் பேரத்தான் அனுப்பறேன்."

அடுத்த ஐந்தாண்டு இப்பள்ளி நடக்குமா என்பது இருபத்து மூன்றாம் நாள் வரும் ஆறு மதிப்பீட்டாளர் கையில் இருப்பதாகவும், அன்று எங்கள் அணியே முதலில் பேசும் என்றும் சொன்னார். அப்போது அவர் விரல்கள் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

மாலை தயாளன் ஒரு செய்தி கொண்டுவந்தான். "வெண்கல்மேட்டுல தண்ணி லாரிய நிறுத்திட்டாங்கோ, பொன்னு. அதான் நல்ல தண்ணி வந்துட்சே, இன்னாத்துக்கு லாரின்னு. மினிட்ஸ்ல உன் கையெழுத்து இருக்குல்ல."

"நல்லதுதானே?" என்றேன்.

அவன் இம்முறை சிரிக்கவில்லை. "பெனாசிரு வந்து பேசினாளா?" என்று கேட்டான்.

இல்லை. மூன்று நாளாக உணவுக்கூடத்தில் அவள் வேறு மேசையில் அமர்கிறாள்.

மாசி 12

நானே போய் எதிரில் அமர்ந்தேன். பெனாசிர் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் நாலு வரி எழுதித் தந்தேன். நாலாவது எங்கட்டி?"

"ஓசைக்காக..."

"என்னத்த ஓசை? நான் அங்கன நின்னு நாலு வெரலக் காட்டுதேன். நீ என்னப் பாத்தே. பாத்துட்டு மொகத்த அங்கிட்டு திருப்பிக்கிட்டே. வாயத் தொறந்தா அணிய நீக்கிருவாவன்னு நான் ஊமையா நிக்கேன். கூட்டம் முடிஞ்சதும் சொல்லலாம்னு வந்தா, உன்ன ஊரே தூக்கி வச்சிருக்கு. கிட்ட வர முடியல."

அந்த நான்காம் வரியை இங்கே எழுதுகிறேன். மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. என் மேசை இழுப்பறையில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.

'எங்கள் கருவிக்கு நூறுக்குக் கீழே கண் தெரியாது. ஐம்பதுக்கு மேல் இருந்தாலே குடிக்கக் கூடாது. ஆகவே இந்நீரைக் குடிக்கலாமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது.'

ஒரு லிட்டர் நீரில் இத்தனை மைக்ரோகிராம் என்பது அளவு. நூறைத் தாண்டினால்தான் தூள் நிறம் மாறும். ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவே நஞ்சு நின்றால் எங்கள் பெட்டி வாய்மூடிக் கிடக்கும். நிறம் மாறவில்லை என்பதற்கு அவ்வளவே பொருள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?" என்றேன்.

"ஆமா. அதத்தான் நாலாவது வரியில எழுதிருந்தேன்."

தொட்டி நீரை ஒரு போத்தலில் எடுத்து இன்று சென்னைப் பேராய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முடிவு வரப் பத்து நாள் ஆகலாம். ஒரு போத்தலைத்தான் ஏற்றார்கள். மற்ற பதின்மூன்றுக்கு வரிசையில் இடமில்லையாம்.

மாசி 13

மூவரும் இயக்குநரைப் பார்த்தோம். பெனாசிர் எல்லாவற்றையும் சொன்னாள். நான் என் பங்கைச் சொன்னேன், சுருக்கமாக.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "லேப் ரிசல்ட் வரட்டும்மா. வராம ஊருக்குப் போய் பயமுறுத்தக் கூடாது. கையில ஆதாரம் இல்லாம பீதியக் கிளப்பறது லீடர்ஷிப் கிடையாது."

"ஆதாரம் இல்லாமத்தான மேடம் தைரியத்தக் கிளப்பினோம்?" என்றாள் பெனாசிர்.

பிறகு இயக்குநர், "உங்க மூணு பேரோட எதிர்காலம் மட்டும் இல்லம்மா இது. பன்னிரண்டு பேர். இந்தப் பள்ளிய நான் ஒம்பது வருஷமா அலைஞ்சு கொண்டுவந்தேன். ரிசல்ட் வரைக்கும் யாரும் ஊருக்குப் போய்ப் பேசக்கூடாது. இது என் உத்தரவு" என்றார்.

சான்று வரும்வரை காத்தல் அறிவுடைமை. அப்படித்தான் நானும் கருதுகிறேன்.

மாசி 14

வெண்கல்மேட்டில் முந்நூற்று நாற்பது வீடுகள். அங்கன்வாடியில் இருபத்தெட்டுக் குழந்தைகள். ஒன்பதாம் நாளிலிருந்து தொட்டி நீரைக் குடிக்கிறார்கள், இன்றோடு ஆறு நாள்.

சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பு மிகுதி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மாசி 16

உங்கள் முன் காட்டும் உரைக்குப் படங்கள் வேண்டியிருந்தன. படம் எடுக்கவே போனேன். பேசக்கூடாது என்பதுதானே உத்தரவு, போகக்கூடாது என்பதன்று. தனியாகப் போனேன்.

சரோஜா என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "வாம்மா வா! ஏண்டி செல்வி, யாரு வந்துகீறாங்க பாரு, நம்ம தண்ணிக்காரம்மா!" என்று மருமகளை அழைத்தார். தண்ணிக்காரம்மா. ஊரில் எனக்கு அதுதான் பெயராம்.

"நீ சொன்ன அன்னிக்கே சாயந்தரம் பூட்டத் தொறந்துட்டேம்மா. ரெண்டு வருசம். துருப்புடிச்சிப் போயி, கல்லால தட்டித்தான் தொறந்தேன். பொம்பளைங்கல்லாம் வந்து வால்வு மேல மஞ்ச பூசினாளுங்க. ஊரே தல குளிச்சிச்சி."

செல்வி கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். என் பார்வை அங்கேயே நிற்பதைக் கண்டு, "காச்சித்தாங்கா கலக்குறேன். பச்சத்தண்ணி குடுக்கறதில்ல" என்றாள்.

காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது. நீர் வற்ற வற்ற அளவு கூடும். பெனாசிர் ஐந்தாம் நாளே எனக்குக் கற்பித்தது இது.

சரோஜா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிம்மா. நீ குடுத்த தண்ணி."

வாங்கினேன். முழுவதையும் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

பத்துப் படங்கள் எடுத்தேன். வால்வின் மேல் மஞ்சள் பூசியிருப்பது நன்றாக விழுந்திருக்கிறது. யாரிடமும் எதுவும் பேசவில்லை. உத்தரவை மீறவில்லை.

மாசி 17

படங்களை அழித்துவிட்டேன்.

மாசி 18

ஒத்திகை. மதிப்பீட்டாளர் இருக்கைகளில் ஆறு தலையணைகளை வைத்து, அவற்றை நோக்கிப் பேசச் சொன்னார் இயக்குநர். "பதினான்கு இடங்களில் நீர் எடுத்தோம்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டு மேடை வாழ்வில் இதுவே முதன்முறை.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார் இயக்குநர்.

தயாளன் என்னை வெளியே அழைத்துப்போனான். "ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அன்னிக்கு அந்தச் சாவி அக்கா உன்கிட்ட இன்னா கேட்டாங்கோ?"

"நினைவில்லை."

"நான் பக்கத்துலதான் இருந்தேன், பொன்னு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

மாசி 19

எண்பத்திரண்டு.

முடிவு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பெனாசிர் கைப்பேசியை என் முன் வைத்தாள். ஏசியிருக்கலாம். ஏசவில்லை. என் தலையில் கை வைத்து, "எந்திரிட்டி" என்றாள்.

இயக்குநர் அறை. அவர் அந்த எண்ணை மூன்று முறை படித்தார். அவர் கொடியவர் அல்லர். இதை நான் எழுதியே ஆக வேண்டும். அவர் கண்ணில் நீர் நின்றது.

"இது உடனே செத்துப்போற விஷம் இல்லம்மா. வருஷக்கணக்குல குடிச்சாத்தான் ஆபத்து. இன்னும் நாலே நாள். இருபத்து மூணு முடியட்டும், இருபத்து நாலாம் தேதி நானே கலெக்டர பாத்து லெட்டர் குடுக்கிறேன். முறையாப் பண்ணுவோம்."

"மேடம், முறைப்படின்னா தெரிஞ்ச நிமிசமே எழுத்துல சொல்லணும். நம்ம மினிட்ஸ்ல இருக்கிறது நம்ம வாக்குமூலம்" என்றான் தயாளன். அவன் முதன்முறையாகத் தன் துறையைத் தானே பேசினான். இயக்குநர்கூட விதியை நினைவூட்டவில்லை.

"நாலு நாள்" என்றார் மறுபடியும். "அதுக்கு முன்னாடி நீங்க போனா, உங்க அணிய நான் அவையில நிறுத்த முடியாது. ஜெனீவாவும் கிடையாது. நான் மிரட்டல. கெஞ்சறேன்."

மூவரும் வெளியே வந்தோம். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாற்றுக் குரல் விதிப்படி வேதியியலின் வாய் நான்தான்.

"நாளை" என்றேன். ஏன் நாளை என்றேன்? அந்நேரமே பேருந்து இருந்தது.

மாசி 20

பெருமக்களே, இதுவரை உங்களுக்காக எழுதினேன். இந்தப் பக்கத்தை அப்படி எழுத முடியவில்லை.

நான்காம் வரியை நான் ஓசைக்காக வெட்டவில்லை. அதன் கடைசிச் சொல்லுக்காக வெட்டினேன். 'தெரியாது' என்னும் சொல்லை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. கூட்டம் என்னை விட்டுப் போய்விடும் என்று அஞ்சினேன்.

பெனாசிர் காட்டிய நான்கு விரல்களின் பொருள் காட்டிய நொடியே எனக்குத் தெரிந்தது. எனக்குக் கொடுத்த நேரமோ முன்பே முடிந்திருந்தது.

சரோஜா கேட்டது இது: "அப்போ குடிக்கலாமாம்மா?" பந்தலில் இரைச்சல் இருந்தும் அவர் கேள்வி என் காதில் தெளிவாகவே விழுந்தது. நான் சொன்ன விடை: "குடிக்கலாம் அக்கா. தாராளமாகக் குடிக்கலாம்."

பதினாறாம் நாள் அந்தச் செம்பு நீரைக் குடித்ததை ஈடுசெய்தல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

பெனாசிரும் தயாளனும் கீழே காத்திருக்கிறார்கள். ஒன்பதே கால் பேருந்து.

மாசி 20, மாலை

பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தொட்டியின் அடியில் குழாயடிக்கு வந்தவர்கள் நாற்பது பேர். பேச்சு எழுதிக்கொண்டு போகவில்லை. பெனாசிரின் தாளை விரித்து நான்காம் வரியைப் படித்தேன். பிறகு எண்ணைச் சொன்னேன்.

"இருக்கத்தக்கது ஐம்பது. உங்கள் தொட்டியில் எண்பத்திரண்டு. குடிக்காதீர்கள். சமைக்காதீர்கள். காய்ச்சினாலும் போகாது. அன்று உங்களிடம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை."

பிறகு ஒரு பெண், "அன்னிக்குக் குடிக்கலாம்னு சொன்ன வாயிதான இது?" என்றாள்.

"இந்த வாய்தான்."

"இன்னிக்கு வேணாம்னு சொல்லுது. நாளைக்கி இன்னா சொல்லும்? ஒனுக்கு நாங்க இன்னா, பேசிப் பழகுற பொம்மையா?"

ஒரு குடம் என் காலருகே வந்து விழுந்து உருண்டது. எறிந்ததா நழுவியதா, அறியேன். தயாளன் முன்னே வந்தான், நான் தடுத்தேன்.

செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெனாசிரிடம் போய், "புள்ளைக்குப் பன்னெண்டு நாளா இதுலதான் கலக்கிக் குடுத்துகீறேன். இன்னா ஆவும்?" என்றாள்.

"நான் டாக்டர் இல்லம்மா, எனக்குத் தெரியாது. பன்னெண்டு நாள்ல பெருசா ஆகாதுன்னுதான் படிச்சிருக்கேன். ஆனா அத நம்பி விட்டுராத. இப்பவே ஆசுபத்திரிக்குப் போவோம், நான் கூட வாரேன்" என்றாள் பெனாசிர்.

தெரியாது என்று அவள் சொன்னபோது செல்வி அவள் தோளைப் பற்றிக்கொண்டாள். விட்டுவிட்டுப் போகவில்லை.

சரோஜா ஏணியில் ஏறினார். வால்வைத் திருகி மூடினார். மஞ்சள் அவர் கையில் ஒட்டியது. இறங்கி, பூட்டைப் போட்டு, என் எதிரில் வந்து நின்றார்.

"மூடிட்டேன். லாரியும் இல்ல. இப்போ நாங்க இன்னாத்தக் குடிக்கிறது, சொல்லு."

இந்தமுறை அம்மா என்று சேர்க்கவில்லை.

மாசி 21

ஊராட்சி அலுவலகத்தில் நான்கு மணி நேரம். எழுத்தர் கூட்டக் குறிப்பைத் திருப்பி எங்களுக்கே காட்டினார்.

"லாரிய நிறுத்தினது ஒங்க பள்ளிக்கூடம் சொல்லித்தான். மறுபடி விடணும்னா ஒங்க பள்ளிக்கூடமே எழுத்துல தரணும். டைரக்டர் கையெழுத்து, சீலு. அது வந்தா ஒரு மணி நேரத்துல வண்டி கெளம்பும். ஸ்டூடெண்ட்டுங்க சொல்லி நான் மேல கேக்க முடியாதுபா. ஒரு தடவ கேட்டதே போதும்."

மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கான சீட்டுத் தந்தார்கள். ஏழு நாளில் விடை வருமாம்.

பெண்கள் இரண்டு கல் தொலைவில் உள்ள கழனிக் கிணற்றுக்கு நடக்கிறார்கள். அது நாங்கள் நீர் எடுத்த பதினான்கு இடங்களில் ஒன்று. அதன் எண் என்னவென்று எங்களுக்குத் தெரியாது.

செல்வியின் குழந்தைக்குக் குருதி எடுத்திருக்கிறார்கள். முடிவுக்குக் காத்திருக்கிறோம். சரோஜா என் அழைப்பை எடுக்கவில்லை.

மாசி 22

இயக்குநர் மதிப்பீட்டாளரை வரவேற்க வானூர்தி நிலையம் போய்விட்டார். தண்ணீர் வண்டியை மறுபடி விடுமாறு ஊராட்சிக்கு நாங்கள் எழுதிய கடிதத்தை, அவர் கையொப்பத்துக்காக உதவியாளரிடம் கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்தது, பிரிக்கப்படாமல். உறையின் மேல் அவர் கையெழுத்தில் '24' என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் அணியை நாளைய பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் ஏடுகளை நீக்க மறந்துவிட்டார்கள். அல்லது நீக்க மனம் வரவில்லை. பன்னிரண்டு ஏடும் நாளை காலை அந்த மேசையில் இருக்கும் என்று உதவியாளர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

புடவையைத் தேய்த்து மடித்தேன். பிறகு நாளை எனக்கு மேடை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மாசி 23, காலை

மதிப்பீட்டாளர் பெருமக்களே!

முதல் நாள் உங்களிடம் ஒரு குறை சொன்னேன். என் வாயில் வேதியியலைத் திணித்தார்கள் என்று. அக்குறையைத் திரும்பப் பெறுகிறேன். விதி என்னிடம் கேட்டது ஒன்றே: பெனாசிரின் சொல்லைக் குறையாமல் சுமந்து செல். நான் அதில் கால்பங்கை வழியில் கொட்டிவிட்டுப் போனேன். கொட்டியதற்கு முந்நூற்று நாற்பது வீடுகள் விலை கொடுக்கின்றன.

இப்போது என் குறை வேறு. இன்றோடு மூன்றாம் நாளாக வெண்கல்மேட்டில் தொட்டித் தண்ணீரும் இல்லை, தண்ணீர் வண்டியும் இல்லை. வண்டி வருவதற்கு ஒரு கையொப்பம் போதும். கையொப்பமிட வேண்டியவர் உங்களோடு அதே மேசையில், உங்கள் இடப்புறம், அமர்ந்திருக்கிறார். இத்தனை பக்கங்களில் அவரைப் பற்றி நான் எழுதியதெல்லாம் உண்மை. அவர் கண்ணீரும் உண்மை.

இந்தப் பக்கத்தில் கடிதத்தைச் செருகி வைத்திருக்கிறேன். நான்கே வரிகள். முதல் வரியைத் தயாளன் எழுதினான்: மாசி எட்டாம் நாள் எங்கள் பள்ளி சொன்னது பிழை. இரண்டாம் வரியைப் பெனாசிர் எழுதினாள்: தொட்டி நீரில் எண்பத்திரண்டு, இருக்கத்தக்கது ஐம்பது. மூன்றாம் வரியைச் சரோஜா அக்காவின் கேள்வியிலிருந்து எடுத்தோம்: தண்ணீர் வண்டியை இன்றே விடுக. நான்காம் வரி என்னுடையது: மற்ற பதின்மூன்று இடங்களின் நீர் எப்படியென்று எங்களுக்குத் தெரியாது.

இந்த ஏட்டுக்கு மதிப்பெண் இடாதீர்கள். எங்களைப் பற்றிய முடிவை நாளை எடுங்கள், அடுத்த மாதம் எடுங்கள், எடுக்காமலே போங்கள். கடிதத்தை உருவி இடப்புறம் நீட்டுங்கள். எழுதுகோலையும் நீட்டுங்கள். ஊராட்சி எழுத்தரின் தொலைபேசி எண் கடிதத்தின் பின்புறம் இருக்கிறது. கதவுக்கு வெளியே நாங்கள் மூவரும் நிற்கிறோம், கொண்டு ஓடுவதற்கு.

பேராசிரியர் அகல்யா அவர்களே, நான்காம் வரியை வெட்டாமல் கையொப்பமிடுங்கள். இப்போதே.